பிறந்தநாளுக்கு ஏற்காடு: மலையில ரெண்டு ராத்திரி, சேலத்துல அரை நாள்

கல்யாணமாகி முதல் வருஷமோ பதினஞ்சாவது வருஷமோ, வீட்டம்மாவுக்கோ வீட்டுக்காரருக்கோ டிசம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள பிறந்தநாள் வருது, ஹால் புடிச்சு ஊரைக் கூட்டி கேக் வெட்டுறதெல்லாம் வேணாம், ரெண்டு பேர் மட்டும் எங்கயாவது குளிரா ஒரு எடத்துல போய் நிம்மதியா இருந்துட்டு வரலாம்னு நினைக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் எடுத்துட்டு தான் போகணும், அதுபோக அங்க போய்ச் சேரவே பாதி நாள் ஓடிரும். ஏற்காடு அப்படி இல்ல. சேலம் ஜங்ஷன்ல இறங்கினா அங்கேர்ந்து 30 கிலோமீட்டர் சொச்சம், டிராஃபிக் பெருசா இல்லாத நாள்ல ஒன்றரை மணி நேரத்துல மேல போய் டீ குடிச்சுடலாம்.

நான் சேலத்துக்காரன். வெளியூர்ல இருந்து சொந்தக்காரங்க, கூட வேலை பாத்தவங்கன்னு யார் ஏற்காடு வர்றதா இருந்தாலும் பிளான் போட்டுக் குடுக்குற வேலை என் தலையில தான் விழும். அவங்க எல்லாருக்கும் முதல்ல சொல்றது, லிஸ்ட்ட கிழிச்சுப் போடுங்கன்னு தான். ஏரி, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட், பகோடா பாயின்ட், ரோஜா தோட்டம், கரடி குகை, கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில்னு போன்ல ஒரு பட்டியல் வச்சுக்கிட்டு ஒரே நாள்ல எல்லாத்தையும் மிதிச்சுட்டு இறங்குற கூட்டம் தான் இங்க அதிகம், அவங்க கீழ வரும்போது மூஞ்சிய பாக்கணுமே, பர்த்டே கொண்டாடிட்டு வர்ற மூஞ்சி மாதிரியா இருக்கும்? ஒரு நாளைக்கு ரெண்டு எடம் போதும். மீதி நேரம் சும்மா இருக்குறதுக்குத் தான் ரூம் வாடகை குடுக்குறோம்.

தேதி

பிறந்தநாள் சனி ஞாயித்துக்கிழமையில வந்தா யோசிக்காம செவ்வாய், புதன் பக்கம் தள்ளி வைங்க. வார நாள்ல ரூம் வாடகை குறையும், ஏரிக்கரை ரோட்டுல நடக்க எடம் இருக்கும், ஓட்டல்ல சாப்பாடு சூடா வரும். வார நாள்ல லீவு போட முடியாதுன்னா ஞாயித்துக்கிழமை மதியம் ஏறுங்க, எல்லாரும் இறங்குற நேரத்துல நீங்க ஏறுவீங்க, சாயங்காலம் பாத்தா ஊரே காலியா இருக்கும்.

மாசம்னு பாத்தா, நவம்பர்லயும் டிசம்பர் தொடக்கத்துலயும் வடகிழக்குப் பருவமழை இருக்கு, அது எப்ப எப்படி அடிக்கும்னு சொல்ல முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் மழையில மலைப்பாதையில மண் சரிஞ்சு வண்டிகளை நிறுத்துற நிலைமை ஆச்சு. அதனால டிசம்பர் பாதி தாண்டுனதுக்கு அப்புறம் பிப்ரவரி கடைசி வரைக்கும் தான் என்னோட கணக்கு. அதுலயும் கிறிஸ்துமஸ்ல இருந்து நியூ இயர் வரைக்கும் ஒரு வாரம், பொங்கல் லீவு, குடியரசு தினத்தோட சேந்து வர்ற நீள வீக்எண்ட், பிப்ரவரி 14, இதெல்லாம் விட்டுருங்க. பொங்கலுக்கும் குடியரசு தினத்துக்கும் நடுவுல வர்ற வார நாளுங்க, அப்புறம் பிப்ரவரி முதல் வாரம், ரெண்டும் அருமையான நேரம். மழை நின்னுருக்கும், வானம் தெளிவா இருக்கும், குளிரு மட்டும் மிச்சம் இருக்கும்.

உண்மையிலேயே பிறந்தநாள் டிசம்பர் 25 பக்கம் தான்னா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. அப்போ ரெண்டு மாசம் முன்னாடியே ரூம் போட்டுருங்க, கூட்டத்தையும் ஏத்துக்கோங்க. ஏற்காட்டுல சர்ச்சுகளும் பழைய மிஷன் ஸ்கூலுங்களும் நிறைய இருக்கறதால கிறிஸ்துமஸ் சமயத்துல ஊர் பாக்க நல்லாவே இருக்கும், அதையும் சொல்லணும்ல.

வந்து சேர்றது

சென்னையில இருந்து வர்றவங்களுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ்னே ஒரு ரயில் இருக்கு. ஏற்காட்டுக்கு ரயில் கிடையாதுங்க, பேரு தான் அப்படி, ஓடுறது சென்னைக்கும் ஈரோட்டுக்கும் நடுவுல. ராத்திரி ஏறினா விடியறதுக்கு முன்னாடியே சேலத்துல எறக்கி விட்டுரும், அந்த நேரத்துல மலை ஏறியும் பிரயோஜனம் இல்ல, ரூம் செக்-இன் மதியம் தான் குடுப்பாங்க. நீங்க பாதித் தூக்கத்துல லக்கேஜோட நிப்பீங்க. அதனால போறதுக்கு காலைல கிளம்புற கோவை எக்ஸ்பிரஸ் மாதிரி பகல் ரயில் புடிங்க, முற்பகல்ல சேலம் வந்து, டவுன்ல மதியச் சாப்பாட்ட முடிச்சுட்டு ஏறினா ரூம் சாவி ரெடியா இருக்கும். திரும்பிப் போறப்ப ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ரொம்ப வசதி. கோயம்புத்தூர்க்காரங்களுக்கு காலைல கிளம்புற வந்தே பாரத் ரெண்டு மணி நேரத்துல சேலத்துக்கு கொண்டு வந்து விட்டுரும். 2024 நவம்பர்ல இருந்து ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி தான் திறக்குது, முன்ன 120 நாளா இருந்துச்சு, அதனால பிறந்தநாள்ல இருந்து 60 நாள் பின்னாடி எண்ணி போன்ல அலாரம் வச்சுக்கோங்க.

பெங்களூர்ல இருந்து கார்ல வர்றவங்களுக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியா 200 கிலோமீட்டர் வாக்குல வரும். தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கத்துல மட்டும் தயவு செஞ்சு நிதானமா வாங்க, லாரிங்க பிரேக் புடிக்காம வந்து இடிக்கிற எடம் அது, நியூட்ரல்ல போட்டு எறக்குறது, ஓவர்டேக் பண்றது எல்லாம் அங்க வேணாம். விமானம்னா ஓமலூர் பக்கம் காமலாபுரத்துல சேலம் ஏர்போர்ட் இருக்கு, 2023 அக்டோபர்ல திரும்ப சர்வீஸ் ஆரம்பிச்சாங்க, உங்க ஊர்ல இருந்து அன்னைக்கு ஓடுதான்னு பாத்துக்கோங்க.

மலைப்பாதை

சேலம் புது பஸ் ஸ்டாண்டுல இருந்து ஏற்காட்டுக்கு பஸ் இருக்கு. கார்னா அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம். போற வழியில ரோட்டோரமா ஒரு பழைய வளைவு நிக்கும், அது தான் மாடர்ன் தியேட்டர்ஸோட மிச்சம். டி.ஆர். சுந்தரம் 1930கள்ல ஆரம்பிச்ச ஸ்டுடியோ, ஒரு காலத்துல தமிழ் சினிமாவோட பாதி இங்க தான் உருவாச்சுன்னு எங்க ஊர்க்காரங்க இன்னைக்கும் பெருமை பேசுவாங்க. ரெண்டு பேர்ல யாருக்காவது பழைய படம் புடிக்கும்னா அங்க இறங்கி ஒரு போட்டோ எடுத்துக்கலாம்.

அடிவாரத்துல செக்போஸ்ட். அதத் தாண்டினா 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்ட போர்டு இருக்கும். ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டி வழி விடணும், வளைவுக்கு முன்னாடி ஹாரன் அடிக்கணும், எறங்கும்போது ரெண்டாவது கியர்லயே வரணும், பிரேக்க மட்டும் நம்பி வந்தா பாதி மலையில கருகுன வாடை வரும். மலைப்பாதையில ஓட்டிப் பழக்கம் இல்லைனா ஜங்ஷன்லயே டாக்ஸி பேசிடுங்க, பிறந்தநாள் அன்னைக்கு ஸ்டியரிங்க இறுக்கிப் புடிச்சுக்கிட்டு வேர்த்து ஊத்த வேண்டிய அவசியம் என்ன இருக்கு. வாந்தி வர்ற உடம்புன்னா ஏறுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி வழக்கமா போடுற மாத்திரையப் போட்டுட்டு முன் சீட்டுல உக்காருங்க, வயிறு முட்ட சாப்புட்டு ஏறாதீங்க, எலுமிச்சம்பழம் ஒண்ணு கையில இருந்தா நல்லது. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள மேல போய்ச் சேர்ற மாதிரி வைங்க, பனி இறங்கிருச்சுன்னா முன்னாடி போற வண்டியோட சிவப்பு லைட்டு கூட தெரியாது.

குப்பனூர் வழியா இன்னொரு ரோடு இருக்கு, சுத்து வழி. மெயின் ரோட்டுல பிரச்சனைன்னா தான் அத யோசிக்கணும். குரங்குங்களுக்கு எதுவும் போடாதீங்க, கண்ணாடிய எறக்கி சிப்ஸ் பாக்கெட்ட பிரிச்சீங்கன்னா பாக்கெட் உங்களுது இல்ல. பிளாஸ்டிக் கப்பு, கவர், தெர்மாகோல் தட்டு எல்லாம் 2019ல இருந்தே தமிழ்நாடு பூரா தடை, பார்ட்டிக்குன்னு அள்ளிக்கிட்டு வராதீங்க.

ரூம்

கார் இல்லாம வர்றவங்க ஒண்டிக்கடை ரவுண்டானாவுல இருந்து ஏரிய ஒட்டி நடந்து போற தூரத்துல எடுங்க, தமிழ்நாடு ஓட்டல் உட்பட அந்தப் பக்கம் நிறைய இருக்கு. கார் இருக்குறவங்களுக்கு காபி எஸ்டேட்டுக்குள்ள இருக்குற ஹோம்ஸ்டே தான் என்னோட ஓட்டு. காலைல கதவத் தொறந்தா எதிர்ல மிளகுக் கொடி சுத்துன சில்வர் ஓக் மரம், அதுக்குக் கீழ காபிச் செடி, டிசம்பர் ஜனவரியில செடியில செக்கச்செவேல்னு பழம் வேற இருக்கும். நீச்சல் குளம் இருக்குற ரிசார்ட்டுக்கு காசு ஜாஸ்தி குடுக்காதீங்க, அந்தக் குளிர்ல யாரும் தண்ணிக்குள்ள இறங்கப் போறதில்ல.

புக் பண்றதுக்கு முன்னாடி போன் போட்டு சில விஷயம் கேளுங்க, வெப்சைட்டுல போட்டிருக்கறத நம்பி மட்டும் பணம் கட்டாதீங்க. சுடுதண்ணி நாள் முழுக்க வருமா இல்ல காலைல ரெண்டு மணி நேரம் தானா. கரண்ட் போனா ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ இருக்கா. கடைசி ரெண்டு கிலோமீட்டர் மண் ரோடா, நம்ம வண்டி போகுமா. ராத்திரி சாப்பாடு அங்கயே கிடைக்குமா, எத்தன மணிக்குள்ள சொல்லணும். கேம்ப் ஃபயர் வாடகையில சேந்ததா தனியா காசா. ஜியோ, ஏர்டெல் எது எடுக்குது. இன்னொண்ணு, ரெண்டு பேரோட ஆதாரும் கையில இருக்கணும், சில எடத்துல ஜோடியா வந்தா ஏகப்பட்ட கேள்வி கேப்பாங்க, கல்யாணம் ஆகாத ஜோடின்னா ரூம் குடுப்பாங்களான்னு முன்னாடியே தெளிவா கேட்டு வாட்ஸ்அப்புல பதில் வாங்கி வச்சுக்கோங்க, ராத்திரி ரிசப்ஷன்ல நின்னு வாதாட்றது கொடுமை.

எடுத்துட்டு வர்றது

ஸ்வெட்டர் ஒண்ணு, குல்லா, சாக்ஸ், சால்வை. இது ஊட்டிக் குளிர் கிடையாது. ஏற்காடு உயரம் 1,500 மீட்டர் வாக்குல தான், ராத்திரி 12, 13 டிகிரி வரைக்கும் எறங்கும், பகல்ல வெயில் அடிச்சா ஸ்வெட்டர கழட்டி இடுப்புல கட்டிக்குவீங்க. சேலம் டவுன்ல ஜனவரியிலயும் மத்தியானம் 30 டிகிரி இருக்கும், அதனால காட்டன் டிரெஸ்ஸும் வேணும். நல்ல கிரிப் இருக்குற செருப்பு, டார்ச் லைட், கையில கொஞ்சம் ரொக்கம். பெட்ரோல கீழயே ஃபுல் பண்ணிட்டு ஏறுங்க.

கேக்கு

இதுல தான் பாதி பேர் மாட்டிக்கிறது, அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். சேலத்துல நல்ல பேக்கரில ஆசையா ஒரு கிலோ ஃப்ரெஷ் கிரீம் கேக் வாங்கி மடியில வச்சுக்கிட்டு 20 வளைவு ஏறினா, மேல போய் டப்பாவத் தொறக்கும்போது ஹேப்பி பர்த்டே ஒரு பக்கம், பேரு ஒரு பக்கம்னு சரிஞ்சு கிடக்கும். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மேல ஏற்காடு டவுன்லயே பேக்கரில ரெண்டு நாள் முன்னாடி போன்ல ஆர்டர் குடுத்துடுறது, டிசைன் சுமாரா தான் இருக்கும், ஆனா முழுசா இருக்கும், எஸ்டேட் ஸ்டேன்னா அவங்களே வாங்கி வச்சுக் குடுப்பாங்களான்னு கேளுங்க. இன்னொண்ணு, கிரீம் இல்லாத கேக்கா பாத்து எடுத்துட்டு வர்றது. டிசம்பர்னா பிளம் கேக், இல்லைனா சாதா பட்டர் கேக், கேரட் கேக், இதெல்லாம் உருண்டு விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. டப்பாவ மடியில வைக்காதீங்க, காரோட ஃபுளோர்ல கால் வைக்கிற எடத்துல சமமா வைங்க, பக்கத்துல துண்டு சுருட்டி வச்சா நகராது. ஒரே ஒரு மெழுகுவத்தி, தீப்பெட்டி, சின்ன கத்தி இதையும் பையில போட்டுக்கோங்க, ராத்திரி எட்டரைக்கு மேல இதெல்லாம் தேடி அலைய முடியாது.

நேரம்னு பாத்தா, பன்னெண்டு மணிக்குத் தான் வெட்டணும்ங்கற பிடிவாதத்த விடுங்க. மலையில ஒன்பது மணிக்கு கடை சாத்துவாங்க, ஊர் தூங்கிரும், நீங்களும் ரயில் அலுப்புல இருப்பீங்க, கண்ண முழிச்சு உக்காந்து கொட்டாவி விட்டுக்கிட்டே கேக் வெட்டுறதுல என்ன சுகம். பிறந்தநாள் அன்னைக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு கேம்ப் ஃபயர் போடச் சொல்லி அதுக்குப் பக்கத்துல வச்சு வெட்டுங்க. வியூ பாயின்ட்டுல கேக் வெட்டுறது வேணவே வேணாம், குரங்கு ஒரு பக்கம், பொம்மை வெடி மாதிரி பட்டுனு வெடிச்சு கலர் பேப்பர் கொட்டுறது ஒரு பக்கம், அந்தப் பேப்பர யாரும் பொறுக்குறதில்ல. ஸ்பீக்கர் எடுத்துட்டு வந்தா ரூமுக்குள்ள வைங்க.

மலையில எங்க போறது

மூணு நாளும் மொத்தமா அஞ்சு எடம் பாத்தா அதிகம். நான் போட்டுக் குடுக்குறது இப்படி.

வந்த அன்னைக்கு மதியம் தூங்கிருங்க. நாலு மணிக்கு எந்திரிச்சு ஏரிக்கு நடந்து போங்க. சுற்றுலாத் துறையோட படகுத் துறை இருக்கு, மோட்டார் போட் வேணாம், பெடல் போட் எடுத்து நீங்களே மெதுவா மிதிச்சுக்கிட்டுப் போங்க. கரையில இறங்கினா மிளகா பஜ்ஜி, சோளம், அன்னாசில மிளகாப்பொடி தூவுனதுன்னு கடைங்க வரிசையா இருக்கும், எண்ணெய் கறுப்பா இல்லாத கடையாப் பாத்து பஜ்ஜி சொல்லுங்க, கண் முன்னாடி போட்டுத் தரணும். ஆறு மணிக்குள்ள லேடீஸ் சீட். இது தென்மேற்கு பாத்த எடம், சூரியன் மறையறது தெரியும், இருட்டினதுக்கு அப்புறம் கீழ சேலம் முழுக்க விளக்கு எரியும் பாருங்க, அது தான் இந்த மலையோட பெரிய காட்சி, மத்ததெல்லாம் அப்புறம் தான். வானம் சுத்தமா இருந்தா பகல்ல மேட்டூர் அணைத் தண்ணி கூட தூரத்துல மின்னும்.

பிறந்தநாள் காலைல ஒரே ஒரு கஷ்டம், அஞ்சரைக்கு எந்திரிக்கணும். பகோடா பாயின்ட் கிழக்கு பாத்த எடம், அதனால சூரிய உதயம் அங்க. லேடீஸ் சீட்டுக்கு காலைலயும் பகோடாவுக்கு சாயங்காலமும் போறவங்கள நிறைய பாக்குறேன், திசைய மாத்திப் போனா கூட்டம் மட்டும் தான் மிச்சம். ஆறு மணிக்கு அங்க அநேகமா நீங்க ரெண்டு பேரும் ஒரு டீக்கடைக்காரரும் தான் இருப்பீங்க. பனி மூடியிருந்தா ஒண்ணும் தெரியாது, அரை மணி நேரம் பொறுத்தா கலையும், கலையலைனா டீயக் குடிச்சுட்டு திரும்பி வந்து தூங்குங்க.

பத்து மணிக்கு மேல எஸ்டேட் நடை. காபிய இந்த மலைக்குக் கொண்டு வந்தவர்னு 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த எம்.டி. காக்பர்னத் தான் சொல்வாங்க, அவரோட கிரேஞ்ச் எஸ்டேட் பேரு இன்னும் இருக்கு. நீங்க போற ஜனவரியில தான் அறுவடை, கூடைய இடுப்புல கட்டிக்கிட்டு பழுத்தத மட்டும் பாத்துப் பாத்து பறிப்பாங்க, பழத்தோட தோலை உரிச்சு, ஊறவச்சுக் கழுவி, களத்துல கொட்டி காயப்போட்டிருப்பாங்க. ஒரு பழத்த வாயில போட்டுப் பாருங்க, லேசா இனிக்கும், யாருமே எதிர்பாக்காத ருசி. கேக்காம பறிக்காதீங்க, அது அவங்க சம்பாத்தியம். இருட்டினதுக்கு அப்புறம் எஸ்டேட் ரோட்டுல நடக்கவும் வேணாம், காட்டெருமை நடமாட்டம் உண்டு.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு எடம், சேர்வராயன் கோயில் இல்லைனா ஹோலி டிரினிட்டி சர்ச். கோயில் மலையோட உச்சியில, 1,600 மீட்டருக்கு மேல, குனிஞ்சு போற மாதிரி ஒரு குகைக்குள்ள சேர்வராயனும் காவேரி அம்மனும். மலையாளின்னு சொல்ற இந்த மலைப் பழங்குடி மக்களோட சாமி (கேரளத்து மலையாளி இல்ல), மே மாசம் திருவிழா. குளிர்காலத்துல வெளிய பெரிய புல்வெளியும் காத்தும் தான் இருக்கும், போர்வைய விரிச்சு உக்காந்துட்டா ஒரு மணி நேரம் போறதே தெரியாது. வரலாறு புடிச்சவங்களுக்கு சர்ச்சு. இந்தியாவோட முதல் பழைய கற்காலக் கருவிய 1863ல பல்லாவரத்துல கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட் ஏற்காட்டுல தான் வீடு கட்டி இருந்தார், அவர் நினைவா கல்லறை இந்த சர்ச்சுல இருக்கு. அவரோட மாமனார் பீட்டர் பெர்சிவல், தமிழ்ப் பழமொழிகள தேடித் தேடித் தொகுத்தவர், அவரும் 1882ல இறந்தது ஏற்காட்டுல தான். நம்மூர்ல இருந்துக்கிட்டே பாதி பேருக்கு இது தெரியாது.

கிளியூர் அருவி 300 அடின்னு எல்லாரும் இழுப்பாங்க, மழைக்காலத்துக்கு அது நல்லா இருக்கும், ஜனவரி கடைசியில தண்ணி குறைஞ்சு போய் நூத்துக்கணக்குல படி எறங்கி ஏறினது தான் மிச்சமாகும், விட்டுருங்க. செடி கொடி பைத்தியம்னா தாவரவியல் தோட்டத்துல 1963ல ஆரம்பிச்ச ஆர்க்கிட் தோட்டம் இருக்கு, வார நாள்ல போய்ப் பாருங்க. மூணாவது நாள் காலைல கார் இருந்து மனசும் இருந்தா நாகலூர் பக்கம் சுத்தி வர்ற ரோட்டுல மெதுவா ஒரு ரவுண்டு, 32 கிலோமீட்டர், கூட்டமே இல்லாத ரோடு, அங்கங்க நிறுத்தி நின்னுட்டு வரலாம். கிளம்பும்போது காபித்தூளும் மிளகும் வாங்குறதா இருந்தா, சிக்கரி எவ்வளவு கலந்திருக்குன்னு கேட்டு கண் முன்னாடி அரைச்சு வாங்குங்க, மிளக கையில அள்ளிப் பாத்தா கனமா இருக்கணும்.

கீழ எறங்கி சேலத்துல

நிறைய பேர் சேலத்த ரயில் மாறுற ஊரா மட்டும் நினைச்சுக்கிட்டு நேரா ஜங்ஷன் போயிடுறாங்க, எனக்கு அதுல வருத்தம் தான். மதியம் ஒரு மணிக்கு எறங்குற மாதிரி வச்சுக்கிட்டா ராத்திரி ரயிலுக்கு முன்னாடி நல்ல அரை நாள் கிடைக்கும். லக்கேஜ ஜங்ஷன் கிளோக் ரூம்ல போட்டுட்டு, அசைவம்னா ஒரு மிலிட்டரி ஓட்டலுக்குப் போங்க. மட்டன் குழம்பு, குடல், ஈரல், நல்லி, இங்க காரம் கொஞ்சம் தூக்கலா தான் இருக்கும். ரெண்டு மணிக்கு மேல போனா நல்ல ஐட்டம் தீந்துரும்.

அப்புறம் பரிசு. பிறந்தநாள் வீட்டம்மாவுக்குன்னா சேலத்துல வேற யோசனையே வேணாம், வெள்ளிக் கொலுசு. இந்தியா முழுக்க போற கொலுசு இங்க செவ்வாப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் வீடு வீடா பட்டறையில செய்யறது. சர்ப்ரைஸா வாங்கணும்னு ஆசை இருக்கும், ஆனா கொலுசுக்கு அளவு முக்கியம், பத்து இஞ்ச்சா பத்தரையான்னு காலுல போட்டுப் பாத்தா தான் தெரியும், அதனால அவங்களையே கூட்டிட்டுப் போயிடுங்க, அவங்க தேர்ந்தெடுக்கட்டும், நீங்க பில்லுக்கு நில்லுங்க. கேக்க வேண்டியது: எத்தன கிராம், வெள்ளி எத்தன டச் (அதாவது எவ்வளவு சுத்தம்), செய்கூலி எவ்வளவு, சேதாரம் போடுறீங்களா, திரும்பக் குடுத்தா என்ன விலைக்கு எடுப்பீங்க. கொலுசுல கலப்பு சேத்துத் தான் செய்வாங்க, இல்லைனா வளைஞ்சு போயிடும், ஆனா எவ்வளவுன்னு பில்லுல எழுதி வாங்கணும். மணி, சலங்கை எல்லாம் ஆட்டிப் பாருங்க, திருகாணிய ரெண்டு மூணு தடவ மாட்டிக் கழட்டிப் பாருங்க, தொலையறது எப்பவும் திருகாணி லூசாகித் தான். ஆபீஸ் போறவங்களுக்கு சத்தம் வேணாம்னா மணி இல்லாத மாடல் கேளுங்க.

பிறந்தநாள் வீட்டுக்காரருக்குன்னா சேலம் வெண்பட்டு வேட்டி, புவிசார் குறியீடு வாங்குனது, பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் வருஷக்கணக்கா உழைக்கும். சேலை பாக்கணும்னா சேலத்துக்குப் பக்கத்துல இருக்குற நெசவு ஊர் இளம்பிள்ளை. ஆனா ஒண்ணு சொல்லிடுறேன், இளம்பிள்ளைக்குள்ள போனா ரயிலுக்கு திரும்பி வர்றது உங்க கையில இல்ல.

சாயங்காலம் அஞ்சரைக்கு மேல தான் தட்டுவடை செட் கடைங்க களைகட்டும். தெரியாதவங்களுக்கு: சின்னதா மொறுமொறுன்னு ரெண்டு தட்டுவடை, நடுவுல துருவுன பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும், சிவப்புக் காரச் சட்னி ஒண்ணு, புதினா மல்லிச் சட்னி ஒண்ணு. முழுசா வாயில போடணும், கடிச்சு ரெண்டாக்கினா சட்டையெல்லாம் பீட்ரூட் தான். முதல் ரவுண்டு செட், ரெண்டாவது ரவுண்டு நொறுக்கல், அதாவது எல்லாத்தையும் நொறுக்கிக் கலந்து தர்றது. காரம் கம்மியா வேணும்னா முன்னாடியே சொல்லுங்க, அவங்க கை பழக்கத்துல போயிட்டே இருக்கும். உக்கார எடம் எல்லாம் இருக்காது, வண்டிய ஓரங்கட்டிட்டு தட்டக் கையில ஏந்திக்கிட்டு நிக்கணும், மலையில ரெண்டு நாள் ரிசார்ட் சாப்பாடு சாப்புட்டதுக்கு அப்புறம் இது எங்கயோ கொண்டு போயிரும்.

சென்னைக்கு கார்ல திரும்புறவங்க இந்த அரை நாள்ல பாதிய வாழப்பாடி பக்கம் முத்துமலை முருகனுக்கு குடுக்கலாம், 146 அடி சிலை, 2022ல குடமுழுக்கு ஆச்சு, உளுந்தூர்பேட்டை போற ரோட்டுல வழியிலயே இருக்கு. ஊருக்குக் கொண்டு போக ஜவ்வரிசி வாங்கிக்கோங்க, சேலம் ஜவ்வரிசிக்கும் 2023ல புவிசார் குறியீடு குடுத்தாங்க. தட்டுவடையும் கால் கிலோ, அரைக் கிலோன்னு பாக்கெட்டா தருவாங்க, வாரக்கணக்கா கெடாது. செட்டா பார்சல் கேட்டீங்கன்னா மட்டும் சட்னிய தனியா கட்டச் சொல்லுங்க, சேத்துக் கட்டினா ரயில் ஜோலார்பேட்டை தாண்டுறதுக்குள்ள நமுத்துப் போயிரும்.